நான்கு குரலுக்கு எழுதும் பெண்ணை எங்கே சேர்ப்பது?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அவருடைய மகள் தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறாள். எந்தப் பாட்டைக் கேட்டாலும் அதைச் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரல்களுக்கும் பிரித்து எழுதிக் கொடுத்துவிடுகிறாளாம். திரையிசையில்தான் வேலை செய்வேன் என்கிறாள். தாய்மாமனோ சென்னைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் கணினிப் பொறியியலுக்கு இடம் பேசி வைத்திருக்கிறார். அதற்கு மனமில்லையென்றால் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் சவுண்ட் இன்ஜினீயரிங் டிப்ளமோவில் சேர்த்துவிடலாம் என்பது இன்னோர் உறவினரின் யோசனை. இரண்டில் எது என்று கேட்டிருக்கிறார் தந்தை.

ஐயா, சேர்க்கை நேரத்துப் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஆறுதல் சொல்வதைவிட, வீட்டுப் பத்திரத்தைப் பீரோவை விட்டு வெளியே எடுக்காதீர்கள் என்று சொல்வதே இப்போது அவசியம். இரண்டுமே வேண்டாம். விருப்பமில்லாத பொறியியலை நான்கு ஆண்டுகள் படித்து, அரியர் எழுதி முடிப்பதற்குள், அவள் காது பழக வேண்டிய வயது கடந்துவிடும். சவுண்ட் இன்ஜினீயரிங் மதிப்பான தொழில்தான். ஆனால் அது மைக் வைப்பது, பதிவு செய்வது, மிக்ஸிங் செய்வது ஆகியவற்றைச் சார்ந்தது. உங்கள் மகள் செய்துகொண்டிருப்பது வேறு வேலை. ஒருவர் போட்ட மெட்டைக் குரல்களுக்கும் வாத்தியங்களுக்கும் பிரித்து எழுதிக் கொடுப்பவருக்குத் திரையுலகில் அரேஞ்சர் என்று பெயர்.

இந்த வேலையைப் பற்றி உறவினர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், ஏனெனில் அது திரைக்குப் பின்னால் நடப்பது. 1977 இல் ஓர் இந்திப் படப் பாட்டில் ஒலித்த ஆண்டனி கொன்சால்வெஸ் என்ற பெயரை நாடே முணுமுணுத்தது; கோவாவிலிருந்து மும்பைக்கு வந்து, பல இசையமைப்பாளர்களின் பாடல்களுக்கு அரேஞ்சராக இருந்த வயலின் ஆசிரியர் ஒருவரின் பெயர் அது என்பதும், அவருடைய மாணவரும் அந்தப் பாட்டின் இசையமைப்பாளர்களில் ஒருவருமான பியாரேலால் செலுத்திய மரியாதை அது என்பதும் மிகச் சிலருக்கே தெரியும். இளையராஜா 1976 இல் முதல் படத்துக்கு இசையமைப்பதற்கு முன் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை கற்றார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். ஏ.ஆர். ரகுமானின் தந்தை ஆர்.கே. சேகர் மலையாளத் திரையுலகில் இசையமைப்பாளர் மட்டுமல்லாமல் அரேஞ்சராகவும் அறியப்பட்டவர். மெட்டுப் போடுவதற்கு முன் பிறருடைய மெட்டுக்கு உடை தைத்துப் பழகியவர்கள் நிறையப் பேர்.

வேலை எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். இசையமைப்பாளர் இரவு பத்து மணிக்கு மெட்டையும் கீபோர்டில் வாசித்த இடையிசையையும் அனுப்புவார். மறுநாள் காலை தந்திக் கருவிக் கலைஞர்கள் ஸ்டுடியோவுக்கு வந்துவிடுவார்கள். அதற்குள் முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ என்று நோட்ஸ் பிரித்தாக வேண்டும். கீபோர்டில் வாசித்ததை அப்படியே எழுதினால் நடக்காது. வயலினில் கீழ் ஜி-க்குக் கீழே சுரமே கிடையாது. வயோலாவுக்கு ஆல்ட்டோ கிளெஃபில், அதாவது எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் தனிக் குறியில், எழுத வேண்டும். பி ஃபிளாட் கிளாரினெட் தாளில் உள்ளதைவிட ஒரு சுரம் கீழே ஒலிக்கும், அதில் சி ஒலிக்க வேண்டுமென்றால் தாளில் டி என்று எழுத வேண்டும். புல்லாங்குழலின் கீழ்ச் சுரங்கள் மெலிவானவை, பின்னால் தந்திகள் பலமாக ஒலித்தால் அமுங்கிவிடும். வில்லை மேலே இழுப்பதா கீழே இழுப்பதா என்று குறிக்காவிட்டால் அதைப் பேசித் தீர்ப்பதிலேயே ஸ்டுடியோ வாடகை ஓடிவிடும். பக்கத்தின் கடைசி வரியில் சிறு ஓய்வு வரும்படி அமைப்பதுகூட இதில் சேர்த்திதான், இல்லாவிட்டால் தாள் திருப்பும் நேரத்தில் வாசிப்பு அறுந்துபோகும். எதை எழுதாமல் விடுவது என்று தெரிவதே இதில் கடினமான பாடம்; பாடகர் வரியை இழுக்கும் இடத்தில் வயலினும் ஓடினால் இரண்டுமே கெடும்.

இதற்கான படிப்புக்கு வீட்டை அடமானம் வைக்கத் தேவையில்லை. உங்கள் ஊரிலேயே அரசு உதவி பெறும் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, பி.காம் ஆனாலும் கணிதம் ஆனாலும் அவளுக்குப் பிடித்த பட்டப்படிப்பில் பகலில் சேரட்டும். மாலையில் பியானோவும் இசைக் கோட்பாடும் கற்று, லண்டன் டிரினிட்டி தேர்வுகளை எட்டாம் கிரேடு வரை ஒவ்வொன்றாக எழுதட்டும். வயலினோ செல்லோவோ கொஞ்சமாவது கையில் பிடித்துப் பழகட்டும். கர்நாடக இசையை விட்டுவிட வேண்டாம். சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் தெரியாதவர் எழுதும் நோட்ஸில் நம் மெட்டு விறைத்து நிற்கும். நோட்ஸ் எழுதுவதற்கு மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளே போதும். காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், விலைக்கு விற்கப்பட்டு, பல ஆண்டுகள் கோலோச்சிய ஃபினாலே என்ற நோட்ஸ் எழுதும் மென்பொருளை அதன் நிறுவனமே 2024 இல் கைவிட்டதைச் சொல்லுங்கள்.

குறைகளையும் மறைக்க மாட்டேன். மாதச் சம்பளம் கிடையாது. கணினியில் செய்த தந்தி ஒலிகளே போதும் என்று கருதும் படங்கள் பெருகிவிட்டன. ஆனால் உண்மையான வாத்தியக் குழு வேண்டும் என்பவர்களுக்கு, ஹே ராம் படத்தின் பின்னணி இசை புடாபெஸ்டில் பதிவானதுபோல, வெளிநாட்டுக் கலைஞர்களும் பிழையின்றி வாசிக்கத்தக்க தாள் எழுதுபவர் தேவைப்படுகிறார். அந்தத் தாளைப் பாளையங்கோட்டையிலிருந்தும் அனுப்பலாம். பட்டம் முடியும்வரை சென்னையில் அறை எடுத்துத் தங்கும் பேச்சே வேண்டாம். பணத்தைப் பொறுத்தவரை, 2012 இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கை உறுதி செய்கிறது. அரேஞ்சர் பெரும்பாலும் ஒருமுறைக் கூலிக்கே வேலை செய்கிறார். ஆகவே தொகையும் டைட்டிலில் பெயரும் ரெக்கார்டிங்குக்கு முன்பே எழுத்தில் வர வேண்டும். இதில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது என்பதை அவளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

மைத்துனர் அடுத்த முறை வரும்போது வாக்குவாதம் வேண்டாம். அவள் எழுதிய நான்கு குரல் தாளைக் கொடுத்து, பாடகர் குழுவை அவர் முன் பாடச் சொல்லுங்கள். அதன் பிறகும் பொறியியல்தான் என்று அவர் சொன்னால், பேசி வைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அந்தப் பொறுப்பை மகள் தலையில் சுமத்தாதீர்கள்.