தம்பியின் பெயரை நீக்க முதலில் செய்ய வேண்டியது

சகோதரி, மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் முகநூல் குழுவில் ‘இவனைத் தெரியுமா?’ என்று போட்ட கடைத் திருட்டுப் படத்துக்கு யாரோ உங்கள் தம்பியின் பெயரைச் சொல்லிவிட்டதைப் படித்ததும் மனம் பதறியது. தொப்பி நிழலில் பாதி முகம்கூடத் தெரியாத படம்! 2013 பாஸ்டன் குண்டுவெடிப்பிலும் இணையக் கூட்டம் இப்படித்தான், காணாமல் போயிருந்த மாணவர் ஒருவரைக் குற்றவாளியாக்கியது.

அங்கே பதிலுக்குப் பதில் எழுதாதீர்கள்; பதிவுதான் மேலே ஏறும். தேதி, இணைப்பு, கருத்துகள் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அன்றிரவு தம்பி செம்பனை ஆலையில் வேலையில் இருந்தார் என்கிறீர்களே, அந்த வருகை அட்டையின் நகலோடு இன்றே போலீஸில் புகார் கொடுங்கள். புகார் நகலைக் காட்டிக் குழு நடத்துபவரிடம் பதிவை நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால், இணையப் பதிவுகள் பற்றிய புகார்களைக் கவனிக்கும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் (MCMC) முறையிடலாம். தம்பியைச் சில நாள் தனியே கடைத்தெருவுக்கு அனுப்பாதீர்கள்.