மின்சாரக் காருக்கு எந்த சீட் கவர்? மொரீஷியஸ் குடும்பங்களின் கேள்விகளும் பதில்களும்

தைப்பூசக் காவடிக்கு முன்னால் கார் துடைக்கும் நாட்களில் சீட் கவர் பற்றிய கேள்விகள் குவியும். இந்த முறை பெரும்பாலும் மின்சாரக் காரும் ஹைப்ரிடும் வைத்திருப்பவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஏர்பேக், சீட் சென்சார் வேலை தெரிந்த நம் உறுப்பினர் ஒருவர் எல்லாவற்றுக்கும் பதில் தருகிறார்.

குவாத்ர் போர்ன் வாசகி: அண்ணா, புதிதாக பிஒய்டி அட்டோ 3 மின்சாரக் கார் எடுத்திருக்கிறோம். இரண்டு சின்னப் பிள்ளைகள். கடையில் "எல்லா காருக்கும் பொருந்தும்" என்று ஒரு ரெக்சின் செட் தருகிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள் தங்கச்சி. முதலில் அது பொருந்தாது. உங்கள் காரின் முன் சீட்டில் தலைச்சாய்வும் முதுகும் ஒரே துண்டு. பொதுக் கவர்களில் தலைச்சாய்வுக்குத் தனி உறை இருக்கும், கம்பி நுழைய ஓட்டை இருக்கும். அதை இழுத்து மாட்டினால் தோள்பட்டையில் சுருங்கித் தொங்கும்.

அதைவிடப் பெரிய காரணம் பக்கவாட்டு ஏர்பேக். முன் சீட்டில் கதவுப் பக்கமாக, விலா உயரத்தில் "எஸ்ஆர்எஸ் ஏர்பேக்" என்று சின்ன முத்திரையோ துணிச் சீட்டோ இருக்கும். அதற்குப் பின்னால்தான் பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் இன்னொரு வண்டி இடித்தால் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் அது தையலைக் கிழித்து வெளியே வந்தாக வேண்டும், ஏனென்றால் கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான். முழுக்கச் சுற்றிய ரெக்சின் அதைத் தாமதப்படுத்தும், அல்லது வேறு திசையில் தள்ளிவிடும்.

புதிய கார்களில் இன்னொன்றையும் பாருங்கள். ஐரோப்பிய மோதல் சோதனையான யூரோ என்கேப் 2020 முதல், உட்கார்ந்திருப்பவருக்கு மறுபக்கத்தில் இடிக்கும் மோதலுக்கும் மதிப்பெண் தருகிறது. அதனால் இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் விரியும் மைய ஏர்பேக் பல கார்களில் வந்துவிட்டது. வோக்ஸ்வாகன் ஐடி.3, ஹியுண்டாய் ஐயோனிக் 5 இரண்டிலும் உண்டு. அது ஓட்டுநர் சீட்டின் உள்பக்கத்தில், கை வைக்கும் பெட்டியை ஒட்டி இருக்கும். கதவுப் பக்கம் மட்டும் திறந்திருக்கும் கவர் அந்தக் கார்களுக்கு உதவாது. கையேட்டில் ஏர்பேக் படம் போட்ட பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

என் கருத்தைக் கேட்டால், பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு முழு செட் தேவையே இல்லை. பின் சீட்டின் உட்காரும் பகுதிக்குப் பருத்தி விரிப்பு ஒன்று, பிள்ளைகளின் கால் பட்டு அழுக்காகாமல் இருக்க முன் சீட்டின் முதுகுக்கு மெல்லிய உதைப்பட்டை இரண்டு, இவை போதும். உதைப்பட்டையிலும் அட்டையோ பிளாஸ்டிக் தகடோ உள்ளே இருக்கக் கூடாது. பின்னால் இருப்பவரின் தலையும் முழங்காலும் மோதும் இடம் அது.

போ பஸ்ஸின்: ஐயா, "ஏர்பேக்குக்கு ஏற்றது" என்று பையில் அச்சடித்திருந்தால் நம்பலாமா?

அச்சை நம்பாமல் தையலைப் பாருங்கள். ஏர்பேக் பக்கம் இரண்டு வகையில் செய்திருப்பார்கள். ஒன்று, பக்கவாட்டுத் துண்டே இல்லாமல் திறந்து விட்டிருப்பார்கள். இது பார்த்தவுடன் தெரியும், ஏமாற்ற முடியாது. மற்றது, வலு குறைந்த நூலால் தைத்த தனித் தையல். அது உங்கள் கார் மாடலுக்கே சோதித்ததாகத் தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லியிருந்தால் மட்டும் எடுங்கள். சந்தேகமாக இருந்தால் திறந்த வகையே மேல்.

மாட்டும்போது அடிக்கடி நடக்கும் தவறு, இடது கவரை வலது சீட்டில் போடுவது. திறப்பு நடுப்பக்கம் போய்விடும், ஏர்பேக் மூடிக்கொள்ளும். மாட்டி முடித்தபின் வெளியே நின்று கதவைத் திறந்து பாருங்கள். முத்திரை முழுதாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதைச் சுற்றி எந்த நாடாவும் குறுக்கே ஓடக் கூடாது.

திரியோலே: சீட், சோபா தைக்கும் தாப்பிசியேயிடம் கொடுத்து, பழைய துணியைக் கழற்றிவிட்டுத் தோல் வைத்துத் தைக்கச் சொன்னால் நன்றாக இருக்குமே?

பின் சீட்டுக்கு, அதில் ஏர்பேக் இல்லையென்றால், செய்யலாம். முன் சீட்டின் முதுகைத் தொட விடாதீர்கள். கம்பெனி உறையில் ஏர்பேக் கிழியும் தையலுக்குக் குறிப்பிட்ட நூலும் குறிப்பிட்ட தையல் இடைவெளியும் உண்டு. சோபாவுக்குப் போடும் நைலான் நூல் அந்த வேகத்தில் அறாது.

சீட்டைக் கழற்றுவதும் லேசான வேலை இல்லை. அடியில் மஞ்சள் நிற இணைப்பான் இருக்கும். அது ஏர்பேக் கம்பி. கார் உயிரோடு இருக்கும்போது அதைப் பிடுங்கினால் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து அப்படியே நிற்கும், ஸ்கேனர் வைத்துத்தான் அழிக்க வேண்டும். மின்சாரக் காரில் இஞ்சின் சத்தம் இல்லாததால் அணைந்துவிட்டது என்று நினைத்துக் கை வைத்துவிடுவார்கள். அணைத்து, 12 வோல்ட் பேட்டரியின் மைனஸைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகுதான் தொட வேண்டும். ஆரஞ்சு நிறக் கேபிள் கண்ணில் பட்டால் அது உயர் மின்னழுத்தம், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ரோஸ் ஹில் வாசகி: குழந்தை சீட் அழுத்தி அழுத்திப் பின் சீட்டில் பள்ளம் விழுகிறது. அடியில் போட நல்ல தடிமனான மெத்தை எது?

அக்கா, தடிமன் வேண்டவே வேண்டாம். மோதலின்போது அந்த மெத்தை நசுங்கும். நசுங்கிய அளவுக்கு பெல்ட் தளரும், குழந்தை சீட் முன்னால் பாயும். ரப்பர் பிடிப்புள்ள விரிப்பில் வேறொரு வம்பு: உராய்வு அதிகமாக இருப்பதால் பெல்ட்டை இறுக்கும்போது கை "போதும்" என்று ஏமாந்துவிடும். உண்மையில் இறுகியிருக்காது.

உங்கள் குழந்தை சீட் தயாரிப்பாளர் இந்த விரிப்பைப் போடலாம் என்று பெயர் சொல்லி அனுமதித்திருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் ஒரே மடிப்புப் பருத்தித் துணி, அதுவும் கையேடு தடுக்காவிட்டால். வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் விரிப்பு இல்லாமல் குழந்தை சீட்டை மாட்டுங்கள். ஐசோஃபிக்ஸ் (பெல்ட்டுக்குப் பதில் காரின் இரும்பு வளையங்களில் பூட்டும் வகை) என்றால் இரண்டு பக்கமும் "டிக்" சத்தம் கேட்டு, காட்டி பச்சையாக வேண்டும். பெல்ட் அல்லது கொக்கி போகும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் மாட்டியது சரியில்லை. பிறகு விரிப்பைப் போட்டு மறுபடி மாட்டி ஆட்டிப் பாருங்கள். முன்பைவிட ஆடினால் விரிப்பைத் தூக்கி எறியுங்கள்.

ஐசோஃபிக்ஸ் வளையங்கள் இரண்டுக்கும் நடுவே 280 மில்லிமீட்டர். பின் சீட் கவர் வாங்கினால் அந்த இடைவெளியில் இரண்டு திறப்பு இருக்கிறதா, பெல்ட் பூட்டுகள் வெளியே வர வழி இருக்கிறதா, சீட்டின் பின்னால் குழந்தை சீட்டின் மேல்பட்டையை மாட்டும் கொக்கி தெரிகிறதா என்று பாருங்கள். கவரின் துணி ஐசோஃபிக்ஸ் வாயில் சிக்கினால் பாதிதான் பூட்டும். முன்பக்கம் தரையில் ஊன்றும் முட்டுக்கால் உள்ள குழந்தை சீட் என்றால் காலுக்கு அடியில் தடித்த தரை விரிப்பு கூடாது. தரைக்கடியில் சாமான் பெட்டி உள்ள காராக இருந்தால் அதன் மூடியில் கால் நிற்கலாமா என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

பள்ளம் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். குழந்தை சீட்டை எடுத்த பிறகு ஸ்பாஞ்சு பெரும்பாலும் மெல்ல மேலெழும்பும். கொஞ்சம் தங்கினாலும் தங்கட்டும், பிள்ளையின் கழுத்தைவிட அது பெரிதில்லை.

வாக்வா: மணி கோத்த கவர் போட்டதிலிருந்து சில நேரம் கார் "ரெடி" ஆகவில்லை. தொடர்பு உண்டா?

இருக்கலாம். டெஸ்லா, வோக்ஸ்வாகன் ஐடி வரிசை போன்ற பல மின்சாரக் கார்கள், ஓட்டுநர் உட்கார்ந்ததை சீட்டில் உள்ள சென்சார் மூலம் அறிந்துதான் தயாராகின்றன. மணி, கட்டை, ஜெல் மெத்தை எல்லாம் எடையை வேறு விதமாகப் பரப்பும். கவரைக் கழற்றி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பக்கத்துச் சீட்டில் ஆளில்லாமல் பெல்ட் எச்சரிக்கை கத்தினால் அதுவும் இந்தக் குடும்பத்து நோய்தான். இறுக்கமாக இழுத்துக் கட்டிய கவரோ, பையின் எடையோ, ஸ்பாஞ்சில் இறங்கிய தண்ணீரோ காரணமாக இருக்கும்.

மாஎபூர்: தரைக்கு அடியில் பேட்டரி. பிளாஸ்டிக் கவர் போட்டால் சூடாகுமா?

முழு மின்சாரக் காரில் பேட்டரியின் சூட்டுக்கும் சீட் கவருக்கும் தொடர்பில்லை. ஆனால் இங்கே ஓடும் டொயோட்டா அக்குவா போன்ற ஹைப்ரிடுகளில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்று, சீட்டின் ஓரத்தில் உள்ள காற்றுத் துவாரம் வழியாகக் கேபினிலிருந்து போகிறது. பின் சீட் கவரின் தொங்கும் ஓரம் அந்தத் துவாரத்தை மூடினால் பேட்டரி சூடேறும், விசிறி இரையும், கடைசியில் எச்சரிக்கை விளக்கு வரும். துண்டு, பள்ளிப் பை, நாய் ரோமம் எதுவும் அங்கே அடையக் கூடாது. கவரை அந்த இடத்தில் வெட்டி ஓரம் தைத்துவிடுங்கள்.

போர்ட் லூயிஸ்: காவடியன்று பால் செம்பு, மஞ்சள், பிறகு ஏழு கறி எல்லாம் காரில்தான் போகும். கறை படியாமல் எப்படி?

செம்பை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காரும் வழக்கத்தை முதலில் விடுங்கள். எதிரே ஏர்பேக். அது விரிந்தால் செம்பு மார்பில் இடிக்கும். முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் ஒரு வாளி, சுற்றிலும் துண்டு அடைத்து அதற்குள் செம்பு. சிந்தினாலும் வாளிக்குள் சிந்தும்.

பால் சீட்டில் கொட்டினால் வெந்நீர் ஆகாது, புரதம் உறைந்து துணியில் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள். பிறகு நொதி கலந்த துப்புரவுத் திரவம், 10 முதல் 15 நிமிடம், மறுபடி ஒற்றி எடுத்து, ஈரம் உறிஞ்சும் வாக்குவம். வாளித் தண்ணீரைக் கொட்டவே கூடாது, அடியில் சென்சாரும் இணைப்பான்களும் இருக்கின்றன. ஸ்பாஞ்சு உள்வரை காயாவிட்டால் மூன்றாம் நாள் வாடை வரும். அது தை மாத வெயிலில் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மஞ்சளுக்கு வேறு வைத்தியம். கறியை முதலில் ஸ்பூனால் வழித்து எடுங்கள், தேய்க்காதீர்கள். கட்டிச் சோப்பும் துணி சோப்புத் தூளும் காரத்தன்மை உள்ளவை. பட்டவுடன் மஞ்சள் குங்குமச் சிவப்பாகும், பயந்துபோய் இன்னும் தேய்ப்பார்கள். நீர் கலந்த வினிகர் தொட்டு ஒற்றினால் மறுபடி மஞ்சளாகும். எண்ணெயை எடுக்க, கால் லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி போதும். மிச்ச நிறத்தை வெயில் தின்னும், மஞ்சளின் நிறமி வெளிச்சத்துக்குத் தாங்காது. கழற்றும் பருத்தி விரிப்பு இங்கேதான் ஜெயிக்கிறது: கொடியில் இரண்டு மூன்று நாள் போட்டால் வேலை முடிந்தது. சீட்டிலேயே கறை என்றால் கண்ணாடியை இறக்கிவிட்டு வெயில் படச் செய்யுங்கள்.

பெல்ட்டில் பட்டால் வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் மட்டும். பிளீச் போட்டால் இழை பலமிழக்கும். முழுதாகக் காய்ந்த பிறகே உள்ளே சுருள விடுங்கள்.

ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்: கடலில் குளித்துவிட்டு ஈர உடையோடு ஏறுகிறார்கள். நீச்சலுடைக்குப் பயன்படும் ரப்பர் போன்ற நியோப்ரீன் கவர் நல்லதா?

நல்லது, ஆனால் கடலுக்குப் போகும் நாளில் மட்டும் போட்டு வீட்டுக்கு வந்ததும் கழற்றும் வகை. நிரந்தரமாகப் போட்டால் வியர்க்கும், அடியில் ஈரம் தங்கும். தையல் துளைகள் வழியாகத் தண்ணீர் இறங்கும் என்பதையும் மறக்காதீர்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சீட் தண்டவாளமும் பெல்ட் பூட்டும் துருப்பிடிப்பது அதனால்தான். கவரை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். மணலை வாக்குவத்தால் எடுத்த பிறகே சீட்டை முன்பின் நகர்த்துங்கள்.

க்யூர்பிப்: எங்கள் ஊர் ஈரத்தில் கவருக்கு அடியில் பூஞ்சை.

நுரை ஒட்டிய கவரை விடுங்கள். ஒற்றைத் துணி, மாதம் ஒருமுறை கழற்றித் துவைத்து, சீட்டையும் ஒரு பகல் திறந்து காய விடுங்கள்.

பெல் வில்: வெளிர் நிறச் செயற்கைத் தோலில் நீல ஜீன்ஸ் சாயம் ஏறுகிறது. கறுப்பு பிவிசி கவர் போட்டுவிடட்டுமா?

சாயத்துக்குப் பயந்து அதைவிட மோசமானதைப் போடாதீர்கள். பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் வெயிலில் வெளியேறி, அடியிலுள்ள செயற்கைத் தோலில் பிசுபிசுப்பையும் நிறமாற்றத்தையும் உண்டாக்கும். போதாததற்குக் கறுப்பு ரெக்சின் வெயிலில் பிள்ளையின் தொடையைச் சுட்டுவிடும். வெளிர் நிறப் பருத்தி போடுங்கள். அதையும் முதலில் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். ஏறிய ஜீன்ஸ் சாயத்தை வாரத்துக்குள் மென் சோப்புநீரில் துடைத்தால் பெரும்பாலும் போகும். நாளானால் ஊறிவிடும்.

மோக்கா: காற்றோட்ட சீட் இருக்கிறது. கவர் போட்டால்?

துளையுள்ள தோலை மூடினால் காசு கொடுத்து வாங்கிய காற்று அடைபடும். போடாதீர்கள். சூடேற்றும் சீட்டிலும் தடித்த கவர் வேண்டாம்.

கூட்லண்ட்ஸ்: சார்ஜிங் கேபிளைப் பின் சீட்டில் விரிப்பு மேல் வைக்கிறோம். சீட் அழுக்காகாமல் இருக்க எது போடலாம்?

கேபிளை எடுத்துவிடுங்கள், அழுக்கும் போய்விடும். இரண்டு மூன்று கிலோ எடை அது. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் கட்டாத பொருள் தன் எடையைப் போல் 30 மடங்குக்கும் மேலான விசையோடு பறக்கும். டிக்கியில் ஒரு பை, பையைக் கொக்கியில் கட்டுங்கள். மழையில் கழற்றிய பிளக் என்றால் துடைத்து மூடி போட்டு வையுங்கள்.

போர்ட் லூயிஸ், இன்னொருவர்: 2024 ஜனவரியில் பெலால் புயலன்று தெருவில் வெள்ளம் வந்ததே, அப்படி வந்தால் நீர் புகாத கவர் காப்பாற்றுமா?

காப்பாற்றாது. தண்ணீர் கீழிருந்து ஏறும், ஸ்பாஞ்சு அடியிலிருந்து குடிக்கும். மேலே நீர் புகாத கவர் இருந்தால் காய்வதுதான் தாமதமாகும். சீட்டின் அடிப்பகுதி வரை நீர் ஏறியிருந்தால் காரை இயக்காதீர்கள், சார்ஜிலும் போடாதீர்கள். உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்றவர் பார்க்கும்வரை இழுவை வண்டியில்தான் நகர்த்த வேண்டும். சீட் இணைப்பான்களையும் பெல்ட் இழுப்பான்களையும் சோதித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.