டாக்டரிடம் கேளுங்கள்: இதயம் சரியாகிவிட்டது, கணக்கு ஏன் பாதியில் நிற்கிறது?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. பிறந்த இரண்டாவது வாரமே, இதயத்தின் பெரிய ரத்தக்குழாய்கள் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன என்று ஆபரேஷன் செய்தார்கள். இப்போது எக்கோவில் எந்தக் குறையும் இல்லை. கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் மனப்பாடம். ஆனால் கணக்கில் இரண்டு வரி போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறான். டிபன் பாக்ஸ், ஜாமெட்ரி பாக்ஸ் எதையும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. டீச்சர் சோம்பேறி என்கிறார். அன்று கொடுத்த மயக்க மருந்துதான் காரணமா?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: இது சோம்பேறித்தனம் இல்லை அம்மா. டீச்சரிடம் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். மயக்க மருந்தின் மேல் மட்டும் பழியைப் போடவும் முடியாது. விஷயம் வயிற்றில் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது.

நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தத்தில் பெரும்பங்கு இதயத்தின் இடப்பக்கம் வழியாகச் சிசுவின் மூளைக்குப் போக வேண்டும். குழாய்கள் இடம் மாறினால் அது நுரையீரலுக்கும் உடம்பின் கீழ்ப்பாதிக்கும் போய்விடும். மூளைக்குக் கிடைப்பது ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம். அதனால்தான் இந்தக் குழந்தைகள் நிறைமாதத்தில் பிறந்தாலும், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் மூளை ஏறக்குறைய ஒரு மாதம் பின்தங்கியிருப்பது தெரிகிறது. பிறந்த பிறகு நீலம் பாய்ந்திருந்த நாட்கள், ஆபரேஷன், ஐ.சி.யூ. எல்லாம் இதற்கு மேல் வந்து சேருகின்றன.

அமெரிக்காவின் பாஸ்டனில் 1988 முதல் 1992 வரை, இதே கோளாறுக்காக ஆபரேஷன் செய்துகொண்ட 171 குழந்தைகளை ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். உடம்பை நன்றாகக் குளிரவைத்து ரத்த ஓட்டத்தை முழுக்க நிறுத்திச் செய்வதா, மெஷின் மூலம் குறைந்த அளவில் ஓடவிட்டுச் செய்வதா, எது மூளைக்கு நல்லது என்பதுதான் கேள்வி. 16 வயதுவரை தொடர்ந்து பார்த்தார்கள். அந்த வயதில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐ.க்யூ.வும் சராசரியை ஒட்டியே இருந்தது. ஆனால் சுமார் 65 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் படிப்பிலோ நடத்தையிலோ தனி உதவி தேவைப்பட்டிருந்தது. திட்டமிடுவது, கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது, பார்த்ததை ஒழுங்குபடுத்துவது, இவற்றில்தான் தடுமாற்றம்.

இதற்கு ஒரு சோதனை உண்டு. கோடும் கட்டமுமாகச் சிக்கலான ஒரு படத்தைக் கொடுத்து, பார்த்து வரையச் சொல்வார்கள். இப்படிப்பட்ட பிள்ளை ஓரத்தில் உள்ள சின்ன வட்டத்தை, உள்ளே இருக்கும் புள்ளிகளோடு கச்சிதமாகப் போட்டுவிடும். எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் பெரிய செவ்வகம் மட்டும் துண்டு துண்டாகக் கிடக்கும். உங்கள் மகனின் கணக்கு நோட்டு எனக்கு அந்தப் படத்தைத்தான் நினைவுபடுத்துகிறது.

எங்கள் ஆட்களுக்கு எக்கோ நன்றாக இருந்தால் "சரி, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிடும் பழக்கம் உண்டு. நீங்களாகக் கேட்டால்தான் படிப்பைப் பற்றிப் பேச்சு வரும். கேளுங்கள். மருத்துவ உளவியலாளரிடம் முழு மதிப்பீடு செய்யுங்கள். காது, கண், ரத்தத்தில் இரும்புச்சத்து மூன்றையும் விட்டுவிடாதீர்கள். மாவட்டத்தில் உள்ள டி.இ.ஐ.சி. மையத்தில் (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் அரசு மையம்) 18 வயதுவரை பார்ப்பார்கள், கட்டணம் இல்லை. மதிப்பீட்டில் கற்றல் குறைபாடு உறுதியானால், சான்றிதழ் வாங்கிப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேட்கலாம். பத்தாம் வகுப்பு மார்ச் மாதத்தில் அதற்காக ஓடக் கூடாது, ஒன்பதாம் வகுப்பிலேயே முடித்துவிடுங்கள்.

வீட்டில், "போய் கணக்கை முடி" என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். முதல் படி என்ன, அடுத்து என்ன என்று அவனையே ஒரு சீட்டில் எழுதவைத்து, முடிக்க முடிக்க டிக் போடச் சொல்லுங்கள். பள்ளிப் பைக்கும் கதவருகே இதே மாதிரி ஒரு சீட்டு ஒட்டுங்கள். திட்டினால் ஞாபகசக்தி வளராது.

கேள்வி: இரண்டு வயதுப் பேத்திக்கு இதயத்தில் சின்ன ஓட்டை, தானாக மூடிவிடும் என்கிறார்கள். புத்தி மந்தமாகிவிடுமா?
- ஒரு தாத்தா, கும்பகோணம்

பதில்: ஐயா, மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நான் சொன்னது நீலம் பாயும் வகை, பச்சிளம் பருவத்திலேயே ஆபரேஷன் தேவைப்படும் வகை. உங்கள் பேத்திக்கு ஓட்டை மட்டும்தான் என்றால், இவ்வளவு சின்ன ஓட்டையால் மூளைக்குப் போகும் ஆக்ஸிஜன் குறையாது. குழந்தையை ஓடி விளையாட விடுங்கள்.

கேள்வி: எனக்கு 19 வயது. சிறு வயதில் 'ஃபாலோ டெட்ராலஜி'க்கு (இதயத்தில் நான்கு குறைகள் சேர்ந்து வரும் பிறவிக் கோளாறு) ஆபரேஷன் ஆனது. ஃபைல் எப்போதும் அம்மாவிடம்தான். இப்போது ஹாஸ்டல். செக்கப் போகவே மறந்துவிடுகிறேன்.
- ஒரு மாணவர், கோவை

பதில்: தம்பி, ஆபரேஷன் ஆனாலும் நுரையீரல் வால்வில் கசிவு இருக்கலாம். மெதுவாக வலப்பக்க இதயத்தைப் பெரிதாக்கிவிடும். வெகுநாள் ஒன்றும் தெரியாது, அதனால்தான் ஆயுசுக்கும் செக்கப். மறதியைக் கெட்ட பெயராக நினைக்காமல், அதற்கு ஏற்பாடு செய்யுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் படமெடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள், தேதிக்கு இரண்டு அலாரம் வையுங்கள். உங்களைப் போன்றவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் கொஞ்சம் அதிகம் வரும், அப்படி இருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்டை அம்மா வாங்க வேண்டாம், நீங்களே போன் போட்டு வாங்குங்கள்.