கட்டில் இல்லாம குடித்தனம் நடத்தலாமா?

இந்த வாரம் வந்த கேள்வியில பாதிக்கு மேல கட்டில் செட்டி இல்லாம தரையிலயே படுத்து ஒக்காந்து இருக்கறதப் பத்தித்தான். சாமான் வெல ஏறினதாலயோ என்னமோ. அதனால பக்கம் முழுக்க இதுக்கே குடுத்துட்டேன்.

கேள்வி: அக்கா, கலியாணம் முடிஞ்சு நாலு மாசம். ஹட்டன் டவுனுக்கு மேல சின்ன வீடு ஒன்னு வாடகைக்கு எடுத்திருக்கோம். செட்டி (சோபா), கட்டில், சாப்பாட்டு மேசை எதுவும் வேணாம்னு ரெண்டு பேருக்கும் எண்ணம், தவணைக்கு எடுத்து வருசக்கணக்கா கட்ட மனசில்ல. மாமியார் வந்து பார்த்துட்டு "லயத்துல தரையில கெடந்தது பத்தாதா, படிச்சு உத்தியோகம் பார்த்தும் தரையா"ன்னு அழுதுட்டாங்க. நாங்க செய்றது பிழையா? (ஒரு டீச்சர், ஹட்டன்)

பிழையே இல்ல தங்கச்சி, ஆனா அந்த அழுகைய லேசா எடுத்துறாதீங்க. லயம்னா தேயிலத் தோட்டத்துல தொழிலாளிகளுக்கு வரிசையாக் கட்டுன ஒத்த அறை வீடு, அந்தப் பத்தடிக்குப் பன்னெண்டடி காம்பராவுல அடுப்புப் புகையோட குடும்பமே சாக்க விரிச்சுப் படுத்த காலம் அவங்களுக்கு முந்தாநேத்து மாதிரி, அந்தக் காலத்துல போர்த்திக்கிட்ட கம்பிளியக் கூட தோட்டத்துல கடனுக்குக் குடுத்து சம்பளத்துல பிடிச்சிருக்காங்க. அவங்க கண்ணுக்குக் கட்டில்தான் லயத்த விட்டு வெளிய வந்ததுக்கு அத்தாட்சி, அது இல்லாத வீட்டப் பார்த்தா மகன் திரும்ப உள்ள போய்ட்டான்னுதான் தோணும்.

எங்க வீட்டுல முதல் முதலா செட்டி வந்தப்ப அதுக்கு மேல இருந்த பொலித்தீன கழட்டவே அப்பா விடல. இருந்த எடத்துல பாதிய அது புடிச்சிருச்சு, நாங்க பிள்ளைங்க எல்லாம் இஸ்தோப்புக்கு, அதான் வாசத் திண்ணைக்குப் போய்ட்டோம், அப்பாயி மட்டும் செட்டிக்கு முதுகக் குடுத்து சாஞ்சுக்கிட்டு தரையிலதான் இருக்கும், கேட்டா "அது வழுக்குதுடி"ன்னும். வர்ற ஆக்களுக்குக் காட்டத்தான் அது, ஒக்கார இல்ல. அதனால உங்க பக்கந்தான் நான். மாமியாருக்கு மட்டும் கைபிடி வச்ச நல்ல கதிரை ஒன்னு வாங்கிப் போடுங்க, பேசிப் புரிய வைக்கிறதெல்லாம் அப்புறம்.

இப்ப நீங்க கேக்காத ஒன்னச் சொல்றேன், அதுதான் உங்க வீட்டுக்கு உண்மையான பிரச்சன. ஈரம். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல நுவரெலியாவுல ஒரு ரூம்ல பஞ்சு மெத்தைய நேரா சீமெந்துத் தரையில போட்டு மூணு மாசம் படுத்தேன், ஒரு நாள் கூட்டலாம்னு தூக்கிப் பார்த்தா அடியில கறுப்பும் பச்சையுமா புள்ளி புள்ளியா பூஞ்சணம், அதுவும் நான் படுக்குற அளவுக்கு, தோள் எது இடுப்பு எதுன்னு தெரியுது. மணம் வேற. நாம தூங்குறப்ப மூச்சுலயும் வேர்வையிலயும் ஒரு கப் தண்ணிக்குக் குறையாம வெளிய போகுது, அதுல ஒரு பங்கு மெத்தைக்குள்ள எறங்கி அடியில குளிர்ந்த தரையத் தொட்டதும் தண்ணியாயிரும், காத்துப் போக வழியில்ல, பூஞ்சணத்துக்கு வேற என்ன வேணும்? ஜப்பான்காரங்க தரையில படுத்தாலும் காலையில மெத்தைய மடிச்சு எடுத்து வச்சிர்றாங்க, அப்பப்ப வெயிலும் காட்டுறாங்க, நாமளும் முந்தி பாயச் சுருட்டி மூலையில நிப்பாட்டுனதுதானே.

அதனால கடையில சாமான் எறக்குற பலகைத் தட்டு ரெண்டு கெடைச்சா கழுவிக் காயவச்சு அடியில போடுங்க, நாலு விரல் ஒசரம் இருந்தாலே காத்து ஓடும். மெத்தைய தெனம் காலையில செவத்துல சாய்ச்சு வைங்க. உங்க பக்கம் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு மழை, வெயில நம்ப முடியாது, சனவரி பெப்ரவரியில வெயில் அடிக்கிறப்பவே நல்லா காயப் போட்டுக்கங்க. பதுளை, பண்டாரவளைன்னு ஊவாப் பக்கம் இத வாசிக்கிறவங்களுக்குக் கணக்கு வேற, உங்களுக்கு வருசக் கடைசியிலதான் பெரிய மழை, சூன் சூலையில காத்தும் வெயிலும் இருக்கும்.

கேள்வி: டைல்ஸ் தரை. ரெண்டு கம்பிளி போர்த்தியும் விடியக்காலம் நடுங்குது. இன்னொன்னு வாங்கவா? (வாசகர், நுவரெலியா)

மேல போர்த்தி என்னத்துக்கு தம்பி, குளிர் அடியில இருந்துல்ல வருது! 1868 மீற்றர் ஒசரத்துல இருக்கீங்க, சனவரியில புல்லு மேல உறைபனி விழுகிற ஊரு. டைல்ஸும் சீமெந்தும் ஒடம்புச் சூட்ட உறிஞ்சிக்கிட்டே இருக்கும், மேல எத்தன போட்டாலும் அது நிக்காது. இருக்கற கம்பிளியில ஒன்ன மடிச்சு அடியில போடுங்க. அதுக்கும் கீழ ரெஜிபோம் (தெர்மோகோல்) சீட்டோ தடிச்ச கார்ட்போர்ட் மட்டையோ, அதுக்குள்ள இருக்கற காத்துதான் சூட்டப் புடிச்சு வைக்கும். மட்டை ஈரம் இழுத்து நமத்துப் போகும், அப்பப்ப மாத்திருங்க.

கேள்வி: தரையில இருந்து எந்திரிச்சா ஆயுசு கூடும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. அப்பாவுக்கு 70, முழங்கால் வலி. அவர் கட்டிலையும் எடுத்துறலாமா? (பண்டாரவளை)

ஐயோ, எடுக்காதீங்க. அந்தக் கதைக்கு மூலம் 2012ல வந்த பிரேசில் ஆய்வு. 51ல இருந்து 80 வயசு வரைக்கும் ரெண்டாயிரம் பேர கை ஊனாம தரையில ஒக்காந்து எந்திரிக்கச் சொல்லி பத்துக்கு மார்க் போட்டாங்க, கொறஞ்ச மார்க் எடுத்தவங்கள்ல அடுத்த சில வருசத்துல இறந்தவங்க கூட. ஒடம்புல தெம்பு இருக்கறவங்க சுலபமா எந்திரிக்கிறாங்க, அவ்வளவுதான், எந்திரிக்கிறதால ஆயுசு கூடுதுன்னு அதுல இல்ல. ராத்திரி ஒன்னுக்குப் போக எந்திரிக்கிறப்ப அவர் விழுந்து இடுப்பு ஒடஞ்சா என்ன செய்வீங்க? கட்டில் அவருக்கு, தரை உங்களுக்கு.

கேள்வி: பூரான் வருமேக்கா? (தலவாக்கலை)

வரும். அடுப்பெரிக்க வச்சிருக்கற மிலாற, அதான் தேயிலச் செடியில வெட்டுன குச்சிய, உள்ள அடுக்காம வெளிய அடுக்குங்க, கதவடிச் சந்துல பழந்துணியச் சுருட்டி அடைங்க, படுக்க முந்தி போர்வைய ஒரு தடவ ஒதறுங்க. கட்டில் போட்ட வீட்டுலயும் எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேரக் கடிச்சிருக்கு, அதுல ஒன்னு நான்.