மரம் பிடுங்குகிறவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதிய கண்கிலேடிப் பறவையைப் பார்க்க, இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் உள்ள வீட்டிங் ஹீத் காப்பகத்துக்குக் குடும்பத்தோடு போனோம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் முயலும் கல்லும்தான். பைன் கன்றுகளைப் பிடுங்குவோம் என்று அங்கிருந்த தன்னார்வலர் பெருமையாகச் சொன்னார். மரத்தைப் பிடுங்குவதா பாதுகாப்பு? எட்டு வயது மகள், “ஒரு கல் என்னைப் பார்த்தது” என்கிறாள். அவளுக்கு எந்த பைனாகுலர் வாங்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அவள் பார்த்தது கண்கிலேடியைத்தான். அசையாமல் நின்றால் அது கல். பெரிய மஞ்சள் கண் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். அவளை என் சார்பில் கட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்கு நாலு திட்டு பாக்கி.

மரம் என்றால் புண்ணியம், புல் என்றால் தரிசு. இந்த நினைப்பை ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். அந்த வட்டாரத்தின் பெயர் பிரெக்லாண்ட். அதிலுள்ள ‘பிரெக்’ என்பதே கொஞ்ச காலம் உழுதுவிட்டுத் தரிசாகப் போட்ட நிலத்தைக் குறிக்கும் சொல். சுண்ணாம்புப் பாறைமேல் வெறும் மணல். அந்த மணல் பறந்துவந்து சான்டன் டௌன்ஹாம் கிராமத்தை மூடிய கதையை, அவ்வூர்க்காரர் ஒருவர் 1668-லேயே லண்டனிலுள்ள அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அங்கே புல்லை ஒட்டக் கடித்துத் தரையைத் திறந்து வைத்திருந்தவை நார்மானியர் கொண்டுவந்த குழிமுயல்கள். ‘முயல்தான்’ என்று அலுத்துக்கொண்டீர்களே, அது இல்லாவிட்டால் அந்தப் பொட்டலே இல்லை. 1953-ல் மிக்ஸோமடோசிஸ் நோய் பிரிட்டனுக்குள் வந்தது. முயல்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. புல் ஓங்கியது, பைன் முளைத்தது. வெறுந்தரையில் கல்லோடு கல்லாக இரண்டு முட்டையிடும் பறவை எங்கே போகும்? நரி வருவதைக்கூட அது பார்க்க முடியாது. இதற்கெல்லாம் முன்பே, 1922-லிருந்து அதே வட்டாரத்துத் தெட்ஃபோர்டு ஊரைச் சுற்றி அரசாங்கமே பைன் காடு நட்டது. பச்சையாக நன்றாகத்தான் இருக்கிறது!

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. பதினான்கு வயதில், பள்ளிக்கூடத்திலிருந்து எங்களைக் கூட்டிப்போய் ஊர் மேய்ச்சல் புறம்போக்கில் யூக்கலிப்டஸ் நடச் சொன்னார்கள். நான் நட்டது இருபத்திரண்டு. நோட்டில் எழுதி வைத்தேன். ஆடு மேய்க்கும் தாத்தா ஒருவர் கம்பை ஊன்றி நின்று, “ஏலே, என் ஆடு எங்கலே போவும்?” என்றார். சிரித்தோம். அந்தப் பொட்டலிலிருந்து ராத்திரியில் கண்கிலேடி கத்தும். (நம்மூர்ப் பறவையையும் உங்களூர்ப் பறவையையும் ஒரே இனம் என்றே வெகுகாலம் வைத்திருந்தார்கள்.) பேய் என்று நினைத்துப் போர்வைக்குள் சுருண்டுகொள்வேன். கன்றுகள் தோளுயரம் வந்த வருஷம் பேய் போய்விட்டது. நான் நன்றாகத் தூங்கினேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

பைனாகுலர் எதுவானாலும் சரி, அவள் கழுத்துக்குப் பாரமில்லாமல் இருந்தால் போதும். அதை நீங்கள் பிடுங்கிப் பார்க்காதீர்கள். மார்ச்சில் பறவைகள் திரும்பியதும் அந்தி நேரமாகப் போங்கள், சத்தம் கேட்கும். அதற்கு முன்னால், குளிர்காலத்தில் அந்தத் தன்னார்வலர்கள் ஆள் கூப்பிட்டால், நீங்களும் போய்க் கன்று பிடுங்குங்கள். என் கணக்கில் இருபத்திரண்டு இருக்கிறது.