சாப்பிடாத நேரத்திலும் இரைப்பைக்குத் தாளம் போடுவது எது? அதில் அயனி வாயிலின் வேலை என்ன?

அயனி வாயில் என்பது செல் சவ்வில் திறந்து மூடும் புரதத் துளை. இரைப்பை, குடல் தசைகளுக்கு நடுவே பின்னிக்கிடக்கும் காஹால் செல்கள்தான் தாளம் போடுபவை: மனித இரைப்பையில் நிமிடத்துக்குச் சுமார் 3 முறை, முன்சிறுகுடலில் சுமார் 12 முறை.

செல்லுக்குள்ளேயே உள்ள சேமிப்பறையிலிருந்து கால்சியம் கசிகிறது. அது 'ஆனோ1' என்ற வாயிலைத் திறக்கிறது. எதிர்மின்னூட்டம் கொண்ட குளோரைடு வெளியேறுகிறது, அதனால் செல்லின் உட்புறத்தில் எதிர்மின்னூட்டம் குறைந்து, 'மெதுவலை' என்ற மெதுவான மின் அலை எழுகிறது. (ஆனோ1 இல்லாத எலிகளில் இந்த மெதுவலையே எழுவதில்லை.) அலை அடுத்தடுத்த செல்கள் வழியாகத் தசைக்குப் பரவும். அங்குள்ள கால்சியம் வாயில்கள் போதிய அளவு திறந்தால்தான் தசை இறுகும். இல்லையென்றால் அலை சும்மா கடந்துபோகும்.

தேர் இழுக்கும்போது ஒருவர் குரல் கொடுப்பார் அல்லவா? குரல் விடாமல் வரும். வடத்தை எல்லோரும் சேர்ந்து இழுத்தால்தான் தேர் நகரும். உணவால் இரைப்பை விரிவதும் நரம்புகள் விடும் அசிட்டைல்கோலினும்தான் அந்த இழுப்பைக் கூட்டுகின்றன.

நீண்டநாள் சர்க்கரை நோயில் காஹால் செல்கள் குறையலாம். தாளம் குலைந்து, உணவு இரைப்பையிலேயே தேங்கும். இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும், குமட்டும்.

மூளை கட்டளையிட்டால்தான் குடல் அசையும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வெட்டியெடுத்த குடல் துண்டை ஆக்சிஜன் ஊட்டிய இளஞ்சூடான உப்புக் கரைசலில் வைத்தாலும் அது தானாகவே சுருங்கி விரிந்துகொண்டிருக்கும்.