கட்டுரை சொல்வது ஒரு கட்டத்தில், உங்கள் முடிவு இன்னொரு கட்டத்தில்

வாசகர் கேள்வி: சிங்கப்பூரில் பலதுறை மருந்தகம் ஒன்றில் தாதியாக வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக முதுகலை படிக்கிறேன். தெற்காசிய வம்சாவளியைச் சேர்ந்த நீரிழிவு நோயாளிகளுக்குத் தரப்படும் சுயபராமரிப்புப் பயிற்சி பற்றி சிஸ்டமேட்டிக் ரிவியூ (ஒரு கேள்விக்கான ஆய்வுகளை முறையாகத் தேடித் தொகுக்கும் கட்டுரை) எழுதுகிறேன். தேடி, வடிகட்டி 31 கட்டுரைகள் கையில் இருக்கின்றன. எக்செலில் 90 நெடுவரிசைகள் போட்டேன். பாதி காலியாகக் கிடக்கிறது. எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) அளவை ஆளுக்கு ஒரு விதமாகக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வேலையை நான் ஒருத்தியே செய்தால் போதுமா?

பதில்: உங்கள் தலைப்பு மிகவும் தேவையான ஒன்று. சிங்கப்பூர் 2016இல் நீரிழிவு மீது போர் அறிவித்தது. எந்தப் பயிற்சி யாருக்குப் பலன் தருகிறது என்று தேடுபவர்கள் உங்கள் ரிவியூவைப் புரட்டிப் பார்க்கலாம். அதனால் கட்டுரைகளிலிருந்து விவரங்களையும் எண்களையும் எடுத்து எழுதும் இந்த வேலையை அவசரமாக முடிக்க வேண்டாம்.

முதலில் அந்த 90. முடிவில் நீங்கள் வெளியிடப்போகும் அட்டவணைகளை இப்போதே வெறும் தலைப்புகளோடு வரைந்து பாருங்கள். எந்த அட்டவணையிலும் எந்தக் கணக்கிலும் வராத நெடுவரிசையை நீக்கிவிடுங்கள். அப்புறம் ஒன்றுக்கொன்று மாறுபட்ட நான்கைந்து கட்டுரைகளை எடுத்து நிரப்பிப் பாருங்கள். எக்செல் தாள் எங்கே இடறுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

காலிக் கட்டங்கள்தான் பெரிய ஆபத்து. இன்று காலியாக விட்ட கட்டத்தை இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், கட்டுரையில் அந்த விவரம் இல்லையா, நீங்கள் இன்னும் படிக்கவில்லையா என்று தெரியாது. ‘ஆம்’, ‘இல்லை’, ‘சொல்லப்படவில்லை’ என்று மூன்று பதில்களையும் தனித்தனியாக வையுங்கள். பயிற்சி தருபவர்கள் நோயாளியின் வீட்டுக்கு வந்து பார்த்தார்களா என்று கட்டுரை எதுவுமே சொல்லவில்லை என்றால் அதை ‘இல்லை’ என்று எழுதுவது தவறு.

இதைவிட முக்கியமானது, கட்டுரை சொன்னதையும் நீங்கள் முடிவு செய்ததையும் ஒரே கட்டத்தில் கலக்காமல் இருப்பது. உங்கள் தலைப்பிலேயே உதாரணம் இருக்கிறது. சிங்கப்பூர் ஆய்வுகள் ‘இந்தியர்’ என்று எழுதும். அந்த அதிகாரபூர்வப் பிரிவில் பாகிஸ்தான், பங்ளாதேஷ், இலங்கை வம்சாவளியினரும் அடக்கம். பிரிட்டனில் ‘தெற்காசியர்’ என்பார்கள். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் ‘தெற்காசியர்’ என்று மாற்றி எழுதிவிட்டால், பிறகு தமிழர்களை மட்டும் பிரித்துப் பார்க்க நினைக்கும்போது 31 கட்டுரைகளையும் மறுபடி திறக்க வேண்டியிருக்கும். ஒரு கட்டத்தில் கட்டுரையின் சொல்லை அப்படியே, பக்க எண்ணோடு எழுதுங்கள். அடுத்த கட்டத்தில் உங்கள் குறியீட்டைப் போடுங்கள்.

‘பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றிய பயிற்சி’ என்ற சொல்லும் அப்படித்தான். ஒரு குழு உணவுப் பட்டியலில் இட்லியும் சப்பாத்தியும் சேர்த்ததோடு நிறுத்தியிருக்கும். இன்னொரு குழு தமிழ் பேசும் தாதியை வைத்து முழுப் பயிற்சியையும் தமிழில் நடத்தியிருக்கும். இரண்டுக்கும் ஒரே ‘ஆம்’ போட்டால் உங்கள் ரிவியூவின் மையக் கேள்வியே அடிபட்டுப்போகும். மொழி, உணவு, பயிற்றுநர், குடும்பத்தாரின் பங்கு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறியீடு கொடுங்கள். ஒவ்வொன்றும் எப்போது ‘ஆம்’ ஆகும் என்று ஒரு வரி விதியும் எழுதிவையுங்கள்.

இனி எச்பிஏ1சி. அலகில் இருந்து தொடங்குவோம். நாம் சதவீதத்தில் பேசுகிறோம். பிரிட்டிஷ் கட்டுரைகளில் மோலுக்கு இத்தனை மில்லிமோல் என்று இருக்கும். 7 சதவீதம் என்பது அங்கே 53. மாற்ற, மில்லிமோலை 0.0915ஆல் பெருக்கி 2.15 கூட்டுங்கள். ஆனால் இது ஒரு நாளின் அளவுக்கு மட்டும். ‘எவ்வளவு குறைந்தது’ என்ற வித்தியாசத்துக்கும் திட்ட விலக்கத்துக்கும் (ஆளுக்கு ஆள் அளவு எவ்வளவு சிதறுகிறது என்பது) பெருக்கினால் போதும், 2.15ஐக் கூட்டினால் கணக்கு கெட்டுவிடும். வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவையும் எடுப்பதானால், இந்தியக் கட்டுரைகளின் மில்லிகிராம் எண்ணை 18ஆல் வகுங்கள்: 126 என்பது நமக்கு லிட்டருக்கு 7 மில்லிமோல்.

அடுத்தது, அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண். ஒரு குழுவில் 64 பேர், எச்பிஏ1சி 8.1 (0.15) என்று அட்டவணை சொல்வதாக வைத்துக்கொள்வோம். அந்த 0.15 திட்ட விலக்கமா, திட்டப் பிழையா (சராசரி எவ்வளவு துல்லியமானது என்பது)? நீரிழிவு நோயாளிகளிடம் எச்பிஏ1சியின் திட்ட விலக்கம் பெரும்பாலும் 1க்கு மேல் இருக்கும். நோயாளிக்கு நோயாளி அளவு எவ்வளவு மாறும் என்று தினமும் பார்க்கும் உங்களுக்கே 0.15 பொருந்தாது என்று தெரியும். திட்டப் பிழை என்று எடுத்தால், அதை ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் திட்ட விலக்கம் கிடைக்கும்: 64இன் வர்க்கமூலம் 8, 0.15ஐ 8ஆல் பெருக்க 1.2 வருகிறது. சரி, இது நம்பும்படி இருக்கிறது. இரு குழுக்களுக்கும் இடையே வித்தியாசம் 0.4 என்றால், சரியாகச் செய்தவருக்குத் தரப்படுத்திய வித்தியாசம் (வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்தது) 0.33, தவறாக எடுத்தவருக்கு 2.67. ஒரே ஒரு கட்டத்தில் நேர்ந்த பிழை, பயிற்சியின் பலனை எட்டு மடங்காகக் காட்டிவிடும். கட்டுரையின் அடிக்குறிப்பைத் தேடிப் பார்த்து, 0.15ஐ ஒரு கட்டத்திலும் 1.2ஐ அடுத்த கட்டத்திலும், ஏன் மாற்றினீர்கள் என்பதை மூன்றாவதிலும் எழுதுங்கள்.

நான் மிகைப்படுத்தவில்லை. 2007இல் ஜாமா இதழில் வந்த ஓர் ஆய்வில், வெளியாகியிருந்த 27 மெட்டா அனாலிசிஸ்களில் (பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துப் போடும் கணக்கு) இருந்து இரண்டிரண்டு சோதனைகளை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். அந்த 27இல் 10 மெட்டா அனாலிசிஸ்களில் இரண்டில் ஒரு சோதனையாவது ஒத்துவரவில்லை. அவற்றை எழுதியவர்களும் பழக்கப்பட்டவர்கள்தான்.

அதனால்தான் ஒருத்தியே செய்ய வேண்டாம் என்கிறேன். குறைந்தது விளைவு எண்களையாவது (எச்பிஏ1சி போன்றவை) இருவர் தனித்தனியாக எடுக்க வேண்டும் என்பது மருத்துவ ரிவியூக்களை வெளியிடும் காக்ரேன் அமைப்பின் வழிகாட்டியின் நிலை. சக தாதி ஒருவரோ வகுப்புத் தோழியோ விளைவு எண்களை மட்டும், உங்கள் தாளைப் பார்க்காமல் எடுத்துத் தந்தால் போதும். மற்ற விவரங்களை நீங்கள் எடுத்து, அவர் சரிபார்க்கலாம். முரண்பட்டால் இருவரும் கட்டுரையைத் திறந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், தீராவிட்டால் மேற்பார்வையாளர். யார் எதை எப்படி எடுத்தார்கள் என்பதைப் ரிவியூவில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் பிரிஸ்மா 2020 பட்டியல் கேட்கிறது, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

எண்ணத் தொடங்குமுன் ஒன்று: 31 கட்டுரைகள் என்றால் 31 ஆய்வுகள் என்று அர்த்தமில்லை. ஒரே ஆய்வின் ஆறு மாத முடிவு ஓரிடத்திலும் ஓராண்டு முடிவு வேறிடத்திலும் வந்திருக்கும். பதிவு எண், மருத்துவமனை, ஆட்களைச் சேர்த்த மாதங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு, ஒரே ஆய்வுக்கு ஒரே அடையாள எண் கொடுங்கள். வாந்தியைத் தடுக்கும் ஒன்டான்செட்ரான் மருந்து பற்றி 1997இல் பிஎம்ஜே இதழில் வந்த ஆய்வு, ஒரே நோயாளிகளை இரண்டு முறை எண்ணியதால் மருந்தின் பலன் 23 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது என்று காட்டியது.

எண் வரைபடத்தில் மட்டும் இருந்தால் வெப்பிளாட்டிஜிட்டைசர் என்ற இலவசக் கருவியால் அளந்து, ‘வரைபடத்திலிருந்து’ என்று குறியுங்கள். எங்குமே இல்லை என்றால் ஆய்வாளருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். என்றைக்கு எழுதினீர்கள் என்பதும் தாளில் இருக்கட்டும். பதில் வரவில்லை என்பதற்காக அந்த ஆய்வை ரிவியூவிலிருந்தே நீக்கக் கூடாது. மெட்டா அனாலிசிஸில் அது சேராது. விவர அட்டவணையில், எண் கிடைக்கவில்லை என்ற குறிப்போடு அதற்கும் ஒரு வரி உண்டு.